சொல்லாமல் நிற்கும் கம்பியூட்டர்

ஜூலை 8, திங்கள்

இன்றைக்கும் நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் திரை கறுத்து, தானாகவே மறுபடி எழும்பி, ஒன்றும் நடக்காததுபோலக் கடவுச்சொல் கேட்கிறது. தட்டச்சு செய்த அரைப் பக்கம் போனது போனதுதான்.

கொழும்புக் கம்பனிக்காரர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் என்னை நிரந்தரமாக எடுப்பார்கள். ஆட்கள் பேசிய பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். இது மட்டும் கிடைத்துவிட்டால் அம்மா இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலையேற வேண்டியதில்லை. தேயிலைக் கொழுந்துப் பையை இறக்கி வை என்று சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் இந்தப் பாடு.

பூட்டிய டியூசன் வகுப்பு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய பெட்டி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஜூலை 9

மறுபடியும். மேற்பார்வை பார்க்கும் தனுஷிகா, "உங்க பக்கம் ஏன் அடிக்கடி கட் ஆகுது?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

ஜூலை 13, சனி

பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். பிள்ளை என்று நினைத்து ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். நானும் சொல்லவில்லை.

கடைக்கார மேர்வின் அண்ணன் பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். மெமரியைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தார். புரொசசருக்குப் புதுப் பசை வைத்தார். "சூடாகித்தான் நின்டிருக்கும் தங்கச்சி, இனிப் பயமில்ல." மலையில் போர்வைக்குள் விரல் விறைக்கிற குளிர், இதில் இது மட்டும் சூடாகிறதாம்.

ஜூலை 15

நின்றது. பசையும் போச்சு, பஸ் காசும் போச்சு.

ஜூலை 19, வெள்ளி

மறுபடி ஹட்டன். இம்முறை பவர் சப்ளையையே மாற்றினார். நாள் முழுக்கக் கடையில் ஓடவிட்டுப் பார்த்தோம். நல்ல பிள்ளையாக ஓடுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

மேர்வின் அண்ணன் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "மெசின்ல குத்தமில்ல. உங்க வீட்டுக் கரண்டப் பாருங்க. அது நிக்கிற நேரம் பல்பு மங்குதான்னு பாருங்க. முடிஞ்சா ஒரு யூ.பி.எஸ் வாங்கிப் போடுங்க."

யூ.பி.எஸ் வாங்கச் சம்பளம் வர வேண்டும். சம்பளம் வரப் பெட்டி நிற்காமல் இருக்க வேண்டும். நல்ல கதை.

ஜூலை 22, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு கண் திரையில், ஒரு கண் பல்பில். பத்தரை இருக்கும். பல்பு மஞ்சளாகச் செத்தது, பெட்டியும் செத்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டுக் கேத்தலில் தண்ணீர் இரைகிற சத்தம்.

எங்கள் லயத்தில் வரிசை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. முன்னால் எங்கள் காம்பரா, பின்னால் ஜீவராஜ் அண்ணனும் அவர் மனைவி அனோஜா அக்காவும் இருக்கும் காம்பரா. நடுச்சுவர் கூரை வரை போகாது. மர வாங்கின் மேல் ஏறிப் பார்த்தேன். எங்கள் மெயினிலிருந்து ஒரு வயர், சுவர் தாண்டி அந்தப் பக்கம் இறங்குகிறது. புகைக்கரி பிடித்து சுவரோடு சுவராகக் கிடக்கிறது. ஜூனில் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தபோது, சொந்தமாகக் கரண்டு எடுத்துவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்.

மலையிலிருந்து வந்த அம்மாவிடம் கேட்டேன். ஒளிக்கவில்லை.

"அனோஜா பச்சப்புள்ளயோட வந்திருக்கா. இந்தக் குளுருல வெறகும் நனைஞ்சு கெடக்கு, என்ன பண்ணுவா? நாந்தான் குடுத்தேன். பொதுப் பீலியில தண்ணி புடிக்கிற மாதிரித்தானே, நமக்கு வர்றதுல கொஞ்சம் அவங்களும் எடுத்துக்கட்டுமேன்னு."

"நான் ரெண்டு தடவ டவுனுக்குத் தூக்கிட்டுப் போனேனே, அப்ப சொல்லலாமில்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

அம்மாவுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தெரிந்து செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.

ஜூலை 23

அந்த வீட்டுக்கு ஏன் சொந்தக் கரண்டு இல்லை? தோட்டம் கடிதம் கொடுத்தால்தான் மீட்டர் வரும். ஜீவராஜ் அண்ணன் கொழும்பில் கடை வேலை, அனோஜா அக்காவும் தோட்ட வேலைக்குப் பெயர் பதியவில்லை. பெயர் இல்லாத வீட்டுக்குக் கடிதமும் இல்லை. அவருடைய பாட்டனும் முப்பாட்டனும் வெட்டிய மலைக்கு இது மரியாதை.

போய்ப் பேசினேன். அனோஜா அக்கா பாவம், பதறிப்போனார். "எனக்குத் தெரியாது பிரேமினி. இனிக் கேத்தல் போட முந்திச் சுவத்துல தட்டுறேன். நீங்க நிப்பாட்டிட்டுத் திருப்பித் தட்டுங்க, அப்புறம் போடுறேன்."

ஜூலை 29

தட்டல் வேலை செய்கிறது. அவர் தட்ட, நான் சேமித்து, பெட்டியை அணைத்து, திருப்பித் தட்டுகிறேன். ஒரு வாரமாகச் சொல்லாமல் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று கடைசிப் பரீட்சை. இரண்டு மணி நேரம், இடையில் நிறுத்த முடியாது. காலையிலேயே அனோஜா அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முக்கால்வாசி போயிருக்கும். சுவரில் தட்டுச் சத்தம். நான் திருப்பித் தட்டவில்லை. மறுபடி தட்டல். பிள்ளை வீரிட்டு அழுகிறது. "கொஞ்சம் பொறுங்கக்கா" என்று கத்தினேன். பொறுத்தார்தான். பிறகு பல்பு மங்கியது.

பிள்ளை கக்கிக் குளித்துக் கிடந்ததாம், பச்சைத் தண்ணீரில் கழுவ முடியவில்லையாம். சரி. எல்லாருக்கும் நியாயம் இருக்கிறது. எனக்கு மட்டும் பரீட்சை போச்சு.

தனுஷிகா போன் எடுத்தாள். "நாளைக்கு ஒரே ஒரு தடவ விடுறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மெயினை அணைத்தேன். வாங்கில் ஏறினேன். வயரைக் கழற்றிச் சுருட்டிச் சுவருக்கு மேலால் அந்தப் பக்கம் போட்டேன். அது விழுந்த சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஆகஸ்ட் 2

எழுதி முடித்தேன். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 6

அம்மா விடிய முன்பே எழும்பி, எங்கள் அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் தூக்கிப் போகிறாள். மழையிலும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டுவார்கள் என்று தெரிந்தும். என்னோடு சாப்பாடு, தண்ணீர் பேச்சு மட்டும்தான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். ஒரு சந்தோசத்தைக்கூட ஒழுங்காகப் பட விடமாட்டார்கள் இந்த வீட்டில்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முதல் சம்பளம். ஹட்டனுக்குப் போய் யூ.பி.எஸ் வாங்கி வந்தேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது இருந்தா நிக்காதா?"

"நிக்காது."

"அப்ப அவங்களுக்கு வயரக் குடுக்கலாந்தானே?"

"பாப்போம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அலுப்புத்தான். கெஞ்சிக் கேட்கட்டுமே என்றும் ஒரு மனம் இருந்தது.

செப்டம்பர் 2

அனோஜா அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கினிகத்தேனைக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டதாம். ஜீவராஜ் அண்ணன் வந்து சாமான்களை ஏற்றினார். என்னைக் கண்டு தலையாட்டினார். வயரைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

செப்டம்பர் 11, புதன்

தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பூட்டோடு வந்தார். ஆள் இல்லாத காம்பரா தோட்டத்துக்குத்தானே. ஜீவராஜ் அண்ணன் வந்து கேட்டாலும் இனிக் கிடைக்காது என்று அவர் வாயாலேயே சொன்னார்.

பூட்டிவிட்டு முன்பக்கம் வந்தார். "வேலாயி, ஒம் மக கம்பியூட்டர் வேல செய்யிறாளாமே. பின்காம்பராவ ஒம் பேருல போட்டுத் தரச் சொல்லவா? தொரைகிட்ட நான் பேசுறேன்."

"எங்களுக்கு இருக்கிறது போதுமுங்க" என்றாள் அம்மா.

நான் "சரிங்க" என்று சொல்லப் பாதி வாயைத் திறந்துவிட்டேன். அம்மா அதைக் கண்டாள். கண்டாக்கும் கண்டார், சிரித்துவிட்டுப் போனார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தானோ என்னவோ, இத்தனை நாள் சொல்லக் காத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"அம்மா, நாளையிலேருந்து நீங்க மலைக்குப் போக வேணாம். என் சம்பளம் போதும்."

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் தோட்டத்துல பேர வெட்டிட்டா நம்ம கதவுக்கும் ஒரு பூட்டு கொண்டாருவாரு. அப்ப ஒன் கம்பியூட்டர எங்க வைப்ப?"

காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா நேரத்தோடே படுத்துவிட்டாள்.