குழாயைத் திறந்துவிட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. நான் கார்ட்டூன் வரைந்து, பெயர் போடாமல் ஜெராக்ஸ் எடுத்து, எங்கள் சலவைக்கூடத்தில் ரகசியமாகச் சுற்றுக்கு விடுவது உனக்குத் தெரியும். இந்த முறை என்னையே வரைந்தேன். வந்த புதிதில் கழிப்பறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுவேன், அதைத்தான். இப்போது அழுவதில்லை, பயப்படாதே. எல்லோரும் சிரிக்கட்டும் என்று மூக்கை மட்டும் பெரிதாகப் போட்டேன்.

நேற்று அது சூப்பர்வைசர் அக்கா கையில் சிக்கிவிட்டது.

"யாரு வரைஞ்சது?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும், "நான்தான்க்கா" என்றேன்.

என்னைத் தனியாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் குழாயத் தொறந்துவிட்டு அழறது உனக்கு எப்படிடி தெரியும்?"

"ஐயோ, அது நீங்க இல்லக்கா, நான்!"

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இஸ்திரி போடுகிறவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். சிரிக்க வைக்கத்தான் வரைகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். துணை தேடித்தான் வரைந்திருக்கிறேன் போல.

உன்னையும் வரைய உட்கார்ந்தேன் அம்மா. மச்சம் இடது கன்னத்திலா, வலது கன்னத்திலா என்று திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு போட்டோ அனுப்பு. சிரிக்காமல் எடு, சிரித்தால் மச்சம் மடிப்புக்குள் போய்விடும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்து ஹார்ன் அடிக்கிறது. வேண்டாம், சிரித்தே எடு.

உன் மகள்