சின்னவிரலை நீட்டிய வாக்காளன்

இல்ஃபோர்ட், லண்டன்
6.5.1994

அன்பின் மனைவி பாலாம்பிகைக்கு,

நான் நல்ல சுகம். உம்முடைய முழங்கால் வலி குறைந்ததா? மாமி நேரத்துக்கு மருந்து எடுக்கிறாரா?

நேற்று கவுன்சில் தேர்தலில் வாக்களித்தேன்! என் அகதி வழக்கு முடியாவிட்டால் என்ன, காமன்வெல்த் நாட்டவர் இங்கே குடியிருந்தாலே வாக்குரிமை உண்டாம். பாஸ்போர்ட், வீட்டு வாடகைப் பத்திரம், வழக்குக் கடிதங்கள் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்த பெண்மணி பெயரையும் விலாசத்தையும் மட்டும் கேட்டார். சொன்னேன், நம்பிவிட்டார்! ஊரில் ஆமிக்காரரின் சென்ரிக்குச் சென்ரி அடையாள அட்டை நீட்டியவனை, வாய்ச்சொல்லிலேயே நம்பிவிட்டார்.

வாக்குச்சீட்டைத் தந்ததும், ஊரில் போல மை பூசுவார் என்று இடதுகைச் சின்னவிரலை நீட்டினேன். அவர் ஒருகணம் திகைத்துவிட்டு அந்த விரலையே பிடித்துக் குலுக்கினார். பின்னால் நின்ற, என்னோடு வேலை செய்யும் அம்பலவாணன் அண்ணை, "டேய் தியாகு, இஞ்ச மை ஒண்டும் பூசமாட்டினம், கையை எடு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

உமது பெயர் பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதென்று எழுதி அனுப்பும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் வாக்காளர் படிவம் வரும். வீட்டில் இருப்பவர்களை எழுத ஆறு வரிகள்; வெறும் வரிகளைக் கோடிட்டு அடிக்க வேண்டும். போனமுறை என் பெயரை எழுதி, நாலு வரிகளை அடித்தேன். இரண்டாவது வரியை அடிக்கவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உமது
தியாகலிங்கம்