வேலி மசோதா

ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

கல்குவாரிக் குழிகளைச் சுற்றி வேலி போடாதவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று எங்கள் எம்.எல்.ஏ. கொண்டுவந்த மசோதா இன்று சட்டசபையில் தோற்றுப்போனது. அப்படி ஒரு குழியில்தான் என் வீட்டுக்காரர் விழுந்து செத்தார். அன்றைக்கு மாலையோடு வந்த இந்த எம்.எல்.ஏ.வை, "மாலை எதுக்கு? வேலியப் போடு" என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து பேச்சில்லை.

பேத்தி செல்போனில் காட்டினாள். மசோதாவைத் திரும்பப் பெறும்படி அமைச்சர் நயமாகக் கேட்டார். அந்த இடத்தில், மசோதா கொண்டுவந்தவர்கள் எல்லோரும் சரி என்று உட்கார்ந்துவிடுவார்களாம். இவன் உட்காரவில்லை. ஆதரிப்பவர்கள் "ஆம்" சொல்லுங்கள் என்றார் சபாநாயகர். இவன் குரல் மட்டும்தான் கேட்டது. "இல்லை" என்று மற்றவர்கள் சொன்னபோது மண்டபமே அதிர்ந்தது. அத்தனை பேருக்கு நடுவில் ஒற்றை ஆளாய் நின்றானே!

நானே போன் போட்டேன்.

"தோத்துப்போச்சு அப்பத்தா," என்றான்.

"பாத்தேன்யா. இல்லைன்னு சொன்னவுக பேரெல்லாம் சொல்லு. நான் மறக்க மாட்டேன்."

சிரித்துவிட்டான். "ஒங்களப் பத்தித் தெரியாதா? இது குரல் ஓட்டு, வெறும் சத்தம் அப்பத்தா. ஒரு பேரும் ஏட்டுல ஏறாது. அடுத்த கூட்டத்துல மறுபடியும் கொண்டாருவேன், பாருங்க."

என் கல்யாணப் பந்தியில் முகம் சுளித்தவர்களைக்கூட வரிசையாகச் சொல்வேன். இன்று யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எனக்கு அடையாளம் தெரிந்த குரல் ஒன்றுதான். அது என் பகையாளியின் குரல்.