சித்தி, உன் ஓட்டு யாருக்கும் இனாம் இல்லை

என் வசந்திச் சித்திக்கு,

சௌக்கியமா என்று தொடங்கினால், "செத்தவகிட்ட சௌக்கியமான்னு கேக்கற பாரு" என்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்சிக்காரர்களோடு நான் சண்டை போட்டுவிட்டேன். நானேதான். ஷேர் ஆட்டோவில் "இங்க நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேனே, அதே நான்.

நீ விடுமுறைக்கு ஊரப்பாக்கம் வந்து, எங்கள் வீட்டிலேயே நெஞ்சுவலி கண்டு போய் ஏழு மாதம் ஆகிறது. உன் அமெரிக்க போன் இன்னும் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்தாய், அதனால் அந்த நம்பருக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது. அம்மா அதை அணைக்க விடுவதில்லை. பம்மலில் கையுறை தைக்கும் பட்டறைக்குக் கிளம்பும் முன், புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறாள்.

அங்கே பென்சில்வேனியாவில் சாயங்காலம் ஆகும்போது இங்கே விடிகிறது. போன மாதம் வரை, டிபன் டப்பா மூடும் நேரத்துக்குச் சரியாக உன் கட்சியிலிருந்து மெசேஜ் வர ஆரம்பிக்கும். "வசந்தி, நம் மாநிலம் கைவிட்டுப் போகப் போகிறது!" "வசந்தி, உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்."

"இன்னாடி, வசந்திய யாரோ கூப்டுகினே கீறாங்க. இன்னா வோணுமாம்?" என்று கேட்டாள் அம்மா.

"ஓட்டு வேணுமாம்மா."

"செத்தவ ஓட்டா? நம்ம ஊர்லதான் அப்டின்னு நெனச்சேன்."

சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள்.

நீ அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? வீடியோவில் வந்து, சட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாய். இன்னா சின்னம் என்று அம்மா கேட்டாள். கழுதை என்றாய். "ஏன்டி, கழுதைக்கு ஓட்டுப் போடவா அவ்ளோ தூரம் போன?" என்றாள். நீ விடவில்லை. "எதுர்ல நிக்கறவனுக்குப் போட்டா என்னையே மூட்ட கட்டி அனுப்பிடுவான்கா. வேற எங்க போறது?"

அந்தக் கடைசி வார்த்தையை அன்று நான் சரியாகக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறது.

உன் பூட்டு எண் எனக்குத் தெரியும். ஒருநாள் அந்தக் கட்சி அலுவலகத்தின் மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு வருடம், ஒரே எண். அவர்கள் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் நீ பதில் எழுதியிருக்கிறாய், சித்தி! ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியிருப்பாய் போல. எழுத்துப்பிழையெல்லாம் அப்படியே இருக்கிறது.

"எங்களோடு இருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான் உங்களோடு இருக்கிறேன். நீங்கள் என்னோடு இருக்கிறீர்களா?" என்று எழுதியிருக்கிறாய். "என் வார்டில் ஒருவர் இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டு, கடைசியில் காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள்தானே ஆட்சியில் இருந்தீர்கள்? என்ன செய்தீர்கள்?" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு வந்த பதில்: "நன்றி வசந்தி! ஆம் என்றால் 1 அனுப்பவும்."

நர்சுகள் மறியலில் நின்றபோது வேட்பாளர் வந்ததையும் எழுதியிருக்கிறாய். உன் கையிலிருந்த பலகையை வாங்கிப் பிடித்து, போட்டோ எடுத்து, திருப்பித் தரக்கூட மறந்து காரில் ஏறிவிட்டாராம். கட்சி தன் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கும்போது, உனக்குப் பிடித்த பெண், உன் மாநிலத்தின் முறை வருவதற்குள் போட்டியிலிருந்தே விலகியதையும் எழுதியிருக்கிறாய். "நான் தேர்ந்தெடுக்கப் போனபோது எனக்காக ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தீர்கள்." உன் கட்சியின் ஆட்சி வேறொரு நாட்டுக்கு அனுப்பி, குழந்தைகள் தலையில் விழும் குண்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இப்போது அதைப் பேசினால் எதிராளி வந்துவிடுவான் என்று ஊர்வலத்தில் பக்கத்தில் நின்றவரே உன் வாயை அடைத்தாராம். அப்புறம் அந்த எதிராளி வந்தே விட்டான். உடனே டிவியில் உன் கட்சித் தலைவர்கள், மக்களுக்குப் புரியவில்லை என்றார்கள். அன்றைக்கு நீ எழுதியது ஒரே வரி. "எனக்கு நன்றாகப் புரிகிறது."

எதற்கும் உருப்படியான பதில் இல்லை. நிறுத்து என்று ஒரு வார்த்தை அனுப்பினால் மெசேஜ் நின்றுவிடும். நீ அதை மட்டும் அனுப்பவே இல்லை. நீ இங்கே வந்திருந்தபோது நான் ஒருதரம் ஏன் என்று கேட்டேன். "நான் இன்னாத்துக்கு நிறுத்தணும்? பதில் சொல்ற வரைக்கும் அனுப்பட்டும்" என்றாய்.

நான் வேலை பார்ப்பதே அந்த மாதிரி இடம்தானே. பெருங்களத்தூரில், சாமான் வரவில்லை என்று வெளிநாட்டிலிருந்து புலம்புகிறவர்களுக்குச் சாட்டில் பதில் அனுப்புகிறோம். நம் வீட்டில் முதல் பட்டதாரி, ஆங்கிலம் படித்தவள் என்று பெயர், ஆனால் ஒரு நாளில் நானாக எழுதும் வாக்கியம் பத்துகூட இருக்காது. எல்லாம் பட்டன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" ஒரு பட்டன். "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்" இன்னொரு பட்டன். மேலிடம் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். யாராவது செத்துவிட்டார்கள் என்று எழுதினால் பட்டன்கள் நின்றுவிடும். அந்த உரையாடல் நேராக ஒரு ஆளிடம் போகும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை இந்த மெசேஜ் வந்தது. "வசந்தி, நீங்கள் என்றைக்கும் எங்கள் பக்கம்தான். இந்த முறையும் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா?"

என்றைக்கும் எங்கள் பக்கம்தானாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் உன் நம்பரும் போய்விடும். டைப் செய்தேன். "வசந்தி இறந்துவிட்டார். நான் அவருடைய அக்கா மகள், இந்தியாவிலிருந்து எழுதுகிறேன்."

இரண்டே நிமிடம். பன்னிரண்டு வருடமாக வராத ஆள் வந்துவிட்டது, சித்தி. உயிரோடு இருந்து நீ கேட்டதற்கெல்லாம் வராத ஆள்.

அவள் பெயர் மேகன். தொண்டர், கல்லூரியில் படிக்கிறவள். மிகவும் வருந்துவதாகவும், உடனே உன் நம்பரை நீக்கிவிடுவதாகவும் எழுதினாள்.

"நீக்காதீர்கள். முதலில் மேலே போய்ப் படியுங்கள்" என்று எழுதினேன். அனுப்பிவிட்டுக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வந்தது. "எல்லாவற்றையும் படித்தேன். இதை நான் மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன்."

"அது பட்டன் வாக்கியம். நானும் தினமும் அதை அழுத்துகிறேன்" என்றேன்.

பிறகு, "நீங்கள் சொல்வது சரி. எனக்கும் உங்கள் சித்தியின் கோபம்தான். இதை நான் சொல்லக்கூடாது" என்று எழுதினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"உங்கள் பட்டியலில் என் சித்தி பெயருக்கு நேராக என்ன போட்டிருக்கிறது?"

"உறுதியான ஆதரவாளர்."

"எத்தனை வருடமாக?"

"ஆரம்பத்திலிருந்தே. மாறவே இல்லை."

இவ்வளவு எழுதியும். நீ கேட்ட ஒரு கேள்விகூட அந்தப் பட்டியலில் ஏறவில்லை. கோபப்பட்ட ஆதரவாளர் என்று எழுத இடமே கிடையாதாம். இறந்தவர் என்று குறித்ததும் உன் கணக்கை மூடிவிடுவார்களாம். மூடினால், நீ கடைசிவரை திருப்தியாக அவர்களுடைய ஆளாகவே இருந்து செத்தாய் என்றாகிவிடும். அதை மாற்றாமல் மூட விடமாட்டேன் என்றேன். மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள். பிறகு, குறிப்பு எழுத ஒரு சின்ன இடம் இருக்கிறது, நூற்று அறுபது எழுத்து, யாராவது படிப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அழியாது என்றாள்.

நூற்று அறுபது எழுத்தில் உன் பன்னிரண்டு வருடத்தை எப்படி எழுதுவது? இன்சுலினை எழுதினால் குண்டுக்கு இடமில்லை. அடித்து அடித்து எழுதினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாடி யோசன? என் தங்கச்சி ஒன்னும் ஒங்க வூட்டு ஆளு இல்லன்னு எழுது. போக எடமில்லாம ஒங்ககிட்ட நின்னா, அவ்ளோதான்."

அதையே எழுதினேன். "நான் உங்கள் உறுதியான ஆதரவாளர் அல்ல. எனக்கு வேறு போக இடமில்லை. இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். வசந்தி, நர்ஸ்." ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் இடம் மிச்சம் இருந்தது. மேகன் அதை ஏற்றிவிட்டு, ஏறியதைப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கப்புறம்தான் மூடச் சொன்னேன். போன் இப்போது அமைதியாக இருக்கிறது. அம்மா இன்னும் துடைக்கிறாள்.

இதனால் அங்கே என்ன மாறும் என்று கேட்பாய். ஒன்றும் மாறாமல் போகலாம். அந்தப் பட்டியலை யாராவது எப்போதாவது திறப்பார்களா? எனக்குத் தெரியாது. உன் பெயரில் ஒரு பொய் இல்லை, அது மட்டும் தெரியும்.

இன்னும் ஒரு செய்தி. இங்கேயும் தேர்தல் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சேகர் அண்ணா வாக்காளர் பட்டியலோடு எங்கள் தெருவுக்கு வந்தார். நம் பகுதியில் அவருடைய கட்சிக்கு பூத் வேலை பார்ப்பவர் அவர்தான். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் வாசல் கேட்டுக்குப் போனேன்.

"வா தங்கச்சி. நம்ம வூடுதான, கேக்கவே வோணாம். ரெண்டு ஓட்டும் நமக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பெயர்களுக்கு நேராக டிக் போட்டுவிட்டார்.

வழக்கமாக நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அன்றைக்குக் கால் நகரவில்லை.

"மழ பேஞ்சா முட்டிக்கால் தண்ணி நிக்குதேண்ணா. கால்வாய் கட்றேன்னு போன தடவயும் சொன்னீங்க."

"பண்ணிடலாம் தங்கச்சி. அவன் வந்தா இதவிட மோசம், தெரியும்ல?"

"தெரியும். அந்த டிக்க எடுத்துடுங்கண்ணா."

"இன்னாம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற. அப்ப ஓட்டு அவனுக்கா?"

"யாருக்கும் இல்ல. இன்னும் முடிவு பண்ணலன்னு எழுதுங்க."

"அப்டி எழுத இதுல எடம் இல்லம்மா."

"ஓரத்துல எடம் இருக்கு. எழுதுங்க, நான் நிக்கறேன்."

உள்ளே ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. மறைக்க மாட்டேன். ஆனால் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பட்டியலைச் சுவரில் வைத்து, டிக்கின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினார். கோலப்பொடி டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா, சேகர் அண்ணா தன் கிட்டே வந்ததும், "எனக்கும் அதேமாரி எழுதிடுப்பா" என்றார்.

ஓட்டுப் போடாமல் இருந்துவிட மாட்டேன், சித்தி. நீயும் ஒரு தடவைகூட வீட்டில் உட்கார்ந்ததில்லை. போவேன், வரிசையில் நிற்பேன், யாருக்கு என்று அங்கே நான் முடிவு செய்வேன். அதுவரைக்கும் என்னைக் கேட்காமல் என் பெயருக்கு நேராக எவரையும் எதையும் எழுத விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அக்கா வயிற்றில் பிறந்த,
உன் மகளேதான்,
தேவி