மஞ்சள் துணி கட்டிய நிலம்

கூக்கால்
சித்திரை மாதம்

அன்பு மகள் தேவசேனாவுக்கு அப்பா திருமலைச்சாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகம். நெதர்லாந்தில் நீ சுகமாகத்தான் இருப்பாய், உன் சுகத்துக்குக் குறை வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெண் நீ. இந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அப்பா யாரைப் பிடித்து எழுதச் சொன்னார் என்று யோசிக்காதே. நானே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னபோது நீ சிரித்தாயாம், இந்த வயசில் அப்பாவுக்கு எதற்கு என்று கேட்டாயாம். எதற்கு என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும். எனக்கு இப்போது உள்ள சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது, கல்யாணத்தன்றுகூட இப்படி இருந்ததில்லை, உன் அம்மா பக்கத்தில் இல்லாததால் எழுதுகிறேன். பஸ் போர்டு படிக்கிறேன், சுவரில் ஒட்டிய இரங்கல் நோட்டீஸ் படிக்கிறேன், செத்தவர்கள் பெயரெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரிகிறது. பூச்சிமருந்து பாட்டிலைப் படித்தேன், உணவுப் பொருட்களின் அருகில் வைக்காதீர் என்று போட்டிருந்தது, நாங்கள் அதை இத்தனை வருஷமாக அரிசிப் பானைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தோம். விஷம் விற்கிறவன்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டுகிறான், அதைப் படித்த அன்றைக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஒரு வரி எழுதி முடிக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. பரவாயில்லை, போனில் என்றால் நீ அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய், உன் அம்மாவும் நடுவில் புகுந்து நான் சொல்வதை எல்லாம் சர்க்கரை போட்டுச் சொல்வாள். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

ஊர்ச் சேதி சொல்கிறேன். பங்குனியில் பக்கத்து முருகம்மாள் அத்தை பூண்டு பிடுங்கினாள். பிடுங்கினாள் என்பது தப்பு, பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது, தலை மண்ணுக்குள்ளேயே கூழாகக் கிடந்தது. தோண்டிப் பார்த்தால் பஞ்சு ஒட்டினது மாதிரி வெள்ளைப் பூஞ்சணம், அதற்குள் கடுகு கடுகாகக் கறுப்பு மணி. மலைச்சரிவில் ஒரு அடுக்கு நிலம் முழுக்க அப்படித்தான். நாற்றம் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது. அந்த நிலம் அவளுடையது அல்ல, உனக்குத் தெரியும், புருஷன் செத்தபின் அவளுக்கு நிலம் ஏது. வத்தலக்குண்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் குத்தகைக்குக் கேட்டபோது அவர், ரெண்டு அடுக்கு சும்மா கெடக்கு, எது வேணுமோ எடுத்துக்கோ என்று சொல்லியிருக்கிறார். இரண்டிலும் நீ மண் எடுத்து ஆராய்ச்சி செய்துவிட்டுக் குச்சி நட்டிருந்தாய், ஒன்றில் நீலத்துணி கட்டின குச்சி, இன்னொன்றில் மஞ்சள் துணி கட்டின குச்சி. முருகம்மாள் எதை எடுப்பாள் என்று நினைக்கிறாய். வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவள், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறவள். நீ அந்தக் குச்சியை நட்ட அன்றைக்கே அவள் உன்னிடம் வந்து, எதுக்கு ஆத்தா மஞ்சத் துணி என்று கேட்டிருக்கிறாள், நீ, சும்மா ஒரு அடையாளம் அத்தை என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சிக்குப் போய்விட்டாய். முருகனுக்கு நேர்ந்து விட்ட நிலம், படித்த பிள்ளை கையால் நேர்ந்தது, அதனால்தான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஐப்பசியில் விதைப்பூண்டு ஊன்றுவதற்கு முன்னால் உன் குச்சிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாள். நானும் அந்தத் தேங்காயில் ஒரு சில்லு தின்றேன்.

அதற்கு மேல் அடுக்கு நம்முடையது, அதிலும் நீ நட்டது மஞ்சள் குச்சிதான். நீ ஆடியில் போன் பண்ணி, அப்பா இந்தத் தடவை பூண்டு வேணாம், பீன்ஸ் போடுங்க, விலை நல்லா இருக்கும் என்று சொன்னாய். மகள் சொல்கிறாளே என்று போட்டேன். நன்றாகவே காய்த்தது, ஒட்டன்சத்திரத்துக்கு வண்டி வண்டியாக ஏற்றினேன். என் பீன்ஸ் பச்சையாக நிற்க, கீழே அவள் பூண்டு பழுத்துச் சாய்ந்ததை ஊரே பார்த்தது. முருகம்மாள் உன்னிடம் ஏதாவது மருந்து கேட்டுப் பார்க்கலாம் என்று நம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டாள். முருகம்மாள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குச் சொல்லத்தான் வாய் எடுத்தேன், அதற்குள் நீ, மஞ்சள் கட்டுன எடமெல்லாம் நோய் உள்ள எடம்ப்பா, அதுல யாராச்சும் பூண்டு போடுவாங்களா, அதனாலதான உங்கள அப்பவே பீன்ஸ் போடச் சொன்னேன் என்றாய். அத்தைகிட்ட ஏன் சொல்லல என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. என் ஆராய்ச்சிப் பேப்பர் இன்னும் வெளியாகலப்பா, ஒருத்தர்கிட்ட சொன்னா பத்து பேருக்குப் போகும், வேற யாராச்சும் எடுத்து எழுதிட்டா என் இத்தனை வருஷ உழைப்பு போச்சு என்றாய். முருகம்மாள் எழுந்தாள். உன் அம்மா டீ கலக்கி வைத்திருந்தாள், அதைத் தொடவில்லை. அப்ப தெரிஞ்சுதான் இருந்திருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உன்னைப் பார்க்க முடியாதே, நான்தான் கிடைத்தேன்.

அதற்குப்பிறகு என் நிலைமையைக் கேள். டீக்கடையில் குழந்தைவேல், வாங்க வாங்க, பீன்ஸ் போடுற நேரம் தெரிஞ்ச ஆளு வர்றாரு, அடுத்து என்ன போடப் போறீங்கனு வெள்ளனே சொல்லிருங்கண்ணே, நாங்களும் அதையே போட்டுப் பொழச்சுக்கிறோம் என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் தெரியாமல்தான் போட்டேன் என்று சொன்னால் இன்னும் சத்தமாகச் சிரிக்கிறார்கள். முருகம்மாள் மாட்டை விற்றுவிட்டாள். திண்டுக்கல்லில் நர்சு படித்துக்கொண்டிருந்த மகள் சுசித்ராவைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் இப்போது கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் டூரிஸ்டுக்காரர்கள் படுத்து எழுந்த பெட்ஷீட்டை உருவித் துவைத்துக்கொண்டிருக்கிறாள். நீ மண் எடுத்தபோது பையைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே, அக்கா அக்கா என்று நடந்தாளே, அவள்தான். அந்த நோய் மண்ணை அவள்தான் தன் தலையில் சுமந்து வந்து நம் வீட்டுப் பரணில் ஏற்றினாள். உன்னைப் பார்த்துத்தான் படிக்கப் போனேன் என்று சொல்லுவாள். இப்போது என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. படிக்காமல் நானும் வாழ்க்கையில் எத்தனையோ கெடுத்திருக்கிறேன், ஆனால் படித்தவள் நீ கெடுத்த மாதிரி இவ்வளவு சுத்தமாகக் கெடுக்க எனக்கு வரவில்லை.

இதற்கு நடுவில் மதுரையில் இருந்து லீலா என்று ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். நீ குழி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயை இறக்கி மண் எடுத்தாள். அதே நோயைப் பற்றித்தான் அவளும் பார்க்கிறாளாம். இதெல்லாம் என் மக தோண்டியாச்சு தாயி, அவகிட்ட கேட்டா ஒனக்கு இந்தச் சோலி மிச்சமாச்சே என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, ரெண்டு தடவ மெயில் போட்டேன் ஐயா, அக்கா பதில் போடல என்றது. எனக்கு மகளைப் பெற்ற பெருமை அன்றைக்குத்தான் முழுசாக வந்தது. சரி, நீதான் பதில் போடவில்லை, நான் போடுகிறேன் என்று பரணில் இருந்த உன் மண் பொட்டலங்களை எல்லாம் இறக்கி அவள் முன்னால் வைத்தேன். புகை ஏறிக் கறுத்திருந்தது, துடைத்தால் எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஒன்றை எடுத்துப் படித்தாள், கே பதினேழு பி. அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். கே-ன்னா கூக்காலா இருக்கும், பதினேழு எந்த நெலம்னு தெரியல, பி-ன்னா அடிமண்ணா, ரெண்டாவது தடவ எடுத்ததான்னும் தெரியல, அக்காவுக்குத்தான் தெரியும் என்றாள். எழுத்துத் தெரியாதபோது எழுதிவைத்த எல்லாமே ஏதோ சொல்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எழுத்துப் படித்த பிறகுதான், உலகத்தில் தனக்கு மட்டும் எழுதிவைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் ஒருத்தியை நான்தான் பெற்றிருக்கிறேன் என்று தெரிந்தது. பொட்டலங்களைத் திரும்பக் கட்டி வைத்தோம். மண்ணாக இருந்தாலாவது செடி வைக்கலாம், நோய் மண்ணாம், அதற்கும் ஆகாது.

யாராவது திருடிவிடுவார்கள் என்ற உன் பயத்தையும் லீலாவிடம் கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை நீ அறியாமல் இருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதிப் பழக எனக்கும் ஆகும். கட்டுரை வர்றது வரைக்கும் காத்திருக்க வேணாம் ஐயா, தரவை மட்டுமே வெளியிடுற ஆய்விதழ் இருக்கு, எந்த நெலத்துல எடுத்தது, எப்ப எடுத்தது, எப்படிச் சோதிச்சது, எந்த நெறத்துக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் புரியிற மாதிரி வெவரமா எழுதிக் கொடுக்கணும், வேற ஆராய்ச்சிக்காரங்க அதைச் சரிபார்ப்பாங்க, அதுக்கு முன்னாடியே தரவைப் பொது எடத்துல போட்டு வைக்கலாம், அப்புறம் அதை யாரு எடுத்துப் பயன்படுத்துனாலும் அக்கா பேரைப் போட்டே ஆகணும் என்றாள். அப்படியானால் உன் பெயர் போகாது, வரும். உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய், இங்கே உன் பெயர் எப்படி இருக்கிறது என்று வந்து கேட்டுப் பார்.

வைகாசி பிறந்தால் அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு ஊன்ற ஆரம்பித்துவிடுவார்கள். மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் பூம்பாறையிலும் நீ குச்சி நட்டாயே, அவற்றில் பாதியை மாடு சாய்த்துவிட்டது, மீதியை அடுப்பெரிக்கப் பிடுங்கிவிட்டார்கள். எந்த நிலம் கெட்டது, எது நல்லது என்பது உன் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது. அங்கேயும் ஒரு முருகம்மாள் இருப்பாள், அவளுக்கும் ஒரு பெண் படித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் பெயர் உனக்குத் தெரியாது என்பதால் உன் தூக்கம் கெடாது, அது எனக்கும் தெரியும். அதனால் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. வைகாசிக்குள் நீ வெளியிடு. வெளியிடும் தரவில் எங்கள் நிலங்களை நாங்கள் சொல்லும் பெயரிலும் எழுது, தமிழிலும் ஒரு பக்கம் எழுது, நான் படித்துப் பார்ப்பேன், புரியவில்லை என்றால் திருப்பி அனுப்புவேன். எழுதி முடிக்காமல் ஊருக்கு வராதே. வந்தால் வீட்டில் சோறு உண்டு, உன் அம்மா போடுவாள், நான் அந்த நேரத்தில் தோட்டத்தில் இருப்பேன்.

போன தடவை நீ, புகைபோட்ட நம்ம ஊர்ப் பூண்டு கொஞ்சம் அனுப்புங்க என்று கேட்டாய். முருகம்மாளின் பூண்டிலேயே நல்லதாகப் பார்த்து, பூஞ்சணம் நன்றாகப் பிடித்ததாக நாலு தலை எடுத்துக் கட்டிவைத்தேன். லீலா விடவில்லை, வேணாம் ஐயா, அந்த ஊர் மண்ணுக்கு நோய் போயிரும் என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நெதர்லாந்து மண்ணுக்காகக் கவலைப்பட இந்தப் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள் பார். தபாலில் போட்டால் வைகாசி கடந்துவிடும் என்று இந்தக் கடிதத்தை அவள்தான் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும், நான் எதையும் மூடிவைத்து எழுதவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. முருகன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல ஞாபகசக்தியும் கொடுக்கட்டும், இரண்டும் சேர்ந்தே கொடுக்கட்டும். கடைசியாக ஒன்று. நம் ஊரில் மிச்சமிருக்கிற மஞ்சள் குச்சிக்கெல்லாம் பக்கத்தில் நான் பலகை நட்டுவிட்டேன். பெட்டிப் பலகை, நீலப் பெயிண்டு, எழுத்து என்னுடையது. இந்த மண்ணில் பூண்டு அழுகல் நோய் உண்டு, பூண்டு ஊன்றாதீர், கண்டறிந்தவர் தேவசேனா, திருமலைச்சாமி மகள் என்று எழுதியிருக்கிறேன். உழைத்தவள் பெயரைப் போட வேண்டும் என்று லீலா சொன்னாளே, போட்டுவிட்டேன். முருகம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. முதல் பலகையை நட்டபோது பக்கத்தில் வந்து நின்று, என்னண்ணே எழுதிருக்கு என்று கேட்டாள், விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். எப்பக் கண்டுபிடிச்சானு போடலையே என்றாள். இடம் இருந்தது. ஆடி மாதம் என்று அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
திருமலைச்சாமி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)