நோன்பும் உன் புரதங்களும்

யாழ்ப்பாணம்,
பெருநாள் கழிந்த வெள்ளி.

அன்பு மகள் றிஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருக்கிறோம். நீயும் அந்த ஒஸ்லோக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் வாப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்திவிடுவார். அவரைப் பற்றி அவர் முன்னால் எப்படிச் சொல்வது? உன் நௌபர் மாமா ஒஸ்லோவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நோன்புக்கு முன் போனில் உன் ஆராய்ச்சியை வாப்பாவுக்கு விளக்கினாய் அல்லவா? பசி வந்தால் உடம்பின் கலங்கள் தங்களுக்குள் கிடக்கும் பழுதுகளைத் தாங்களே பொறுக்கித் தின்னும், அதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன என்றாய். அன்றிலிருந்து இரும்புக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதைதான். பூட்டு வாங்க வந்த தம்பிராசா அண்ணைக்குக் கலத்தைப் படம் கீறியே காட்டியிருக்கிறார்.

அதோடு விட்டாரா? சீனி வருத்தமும் சிறுநீரகப் பழுதும் உள்ளவர் நோன்பு பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மௌலவியும் வீடு தேடி வந்து, நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, பதிலுக்கு ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றார். இவர் மௌலவிக்கே உன் புரதத்தைப் பற்றிப் பள்ளிப் பிரசங்கம்போலப் பயான் பண்ணி அனுப்பினார். மௌலவி சாப்பிடச் சொல்லி, விஞ்ஞானம் நோன்பு பிடிக்கச் சொன்ன வீடு உலகத்தில் எங்கள் வீடுதான்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையிலேயே விழுந்துவிட்டார். இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டதாம். தம்பிராசா அண்ணைதான் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உன்னிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னவர் வாப்பாதான். இனி ஒருமுறை இப்படி நடந்தால் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் இப்போது பெருநாளுக்குப் பின் வரும் ஆறு நோன்பையும் பிடிக்கப் போகிறாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ சொன்னதில் மீதியை நான் இடியப்பத்துக்கு மா குழைத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் புரதங்கள் துப்புரவு மட்டும் செய்வதில்லை, கிழிந்த மென்சவ்வை ஒட்டவும் உள்ளே வந்த கிருமியை மடக்கவும் உதவும், வயிறு நிறைந்திருந்தாலும் அவற்றுக்கு ஓய்வில்லை என்றாய். என் பாடும் அதுதானே என்று சிரித்தேன். வாப்பா அதற்கிடையில் எழும்பித் தொழப் போய்விட்டார்.

நேற்றுச் சண்டை பிடித்தேன். ஏன் இப்படி என் உயிரை வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.  மெல்லச் சொன்னார்:

"அவளின்ரை படிப்பு முடிய இன்னும் கனகாலம் கிடக்கு, றபீக்கா. இந்தப் பழுதெல்லாம் துப்புரவாகி, பிள்ளை வாற வரைக்கும் நான் இருக்கவேணுமெல்லோ."

அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், மகள்.

என் பேச்சும் டொக்டரின் பேச்சும் அவரிடம் எடுபடாது. உன் வாயால் வந்ததைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார், நீதான் விடச் சொல்லவேண்டும். ஆராய்ச்சியை விளக்கப் போகாதே. சாப்பிடுங்கோ வாப்பா, நான் வருவேன் என்று மட்டும் சொல். எப்போது என்று கேட்பார். ஏதாவது ஒரு மாதத்தைச் சொல். அதை நம்பி அவர் சாப்பிடுவார். அந்த மாதத்தில் நீ வந்து நிற்க அல்லாஹ் வழி திறக்கட்டும்.

துஆவுடன்,
உன் உம்மா
றபீக்கா