கறவைக்கு ஒரு வேஷம்

அம்மிணிக்கு,

நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் மூன்று பொங்கல் ஆகிவிட்டது. நான் சென்னை பங்களாவை விற்றுவிட்டு நம்ம ஊட்டுக்கே வந்துவிட்டேன். இனி சினிமா இல்லை. போனில் சொன்னால் நம்பமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வேலந்தாவளம் சந்தையில் ஒரு கறவை மாடு பிடித்தேன். சந்தையே என்னோடு செல்ஃபி எடுக்க நின்றது. மாட்டை விற்ற குப்பண்ணன் மட்டும், "ஏனுங்க, இது பொம்பளக் கைக்குப் பழகின மாடுங்க. ஆம்பளைங்க உக்காந்தா ஒதைக்குமுங்க" என்றார். நாற்பது வருஷம் நடித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலையில், பீரோவில் நீ விட்டுப்போன அரக்குச் சேலையைக் கட்டி, முக்காடும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாடு அசைபோட்டபடி நின்றது. போசியில் பால் நுரைத்து வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி என் நடிப்பு?" என்று மாட்டிடமே கேட்டுவிட்டேன்.

விட்டது ஒரு உதை. போசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாளக்கா சிரித்த சிரிப்பு உனக்கே கேட்டிருக்கும். நானும் சாணியில் கிடந்தபடி சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாச்சு.

இப்போது தினமும் வாயைத் திறக்காமல் கறக்கிறேன். நீ சொல்லிச் சொல்லி ஓய்ந்ததை மாடு ஒரே உதையில் கற்றுக்கொடுத்துவிட்டது.

சேலைதான் நைந்துபோய்விட்டது. வேறொன்று வேண்டும். தபாலில் அனுப்பாதே.

இப்படிக்கு,
அரிதாரம் கலைத்த உன் ஊட்டுக்காரன்